மேலிருந்து பார்ப்பவர்களின் கடமை

ட்ரோன் தாக்குதலுக்கென்று தனியாக ஒரு சர்வதேச ஒப்பந்தம் இன்றுவரை கிடையாது. ரசாயன ஆயுதத்துக்கு 1993-இல் ஒப்பந்தம் வந்தது. கண்ணிவெடிக்கு 1997-இல் வந்தது, கொத்துக்குண்டுக்கு 2008-இல் வந்தது. ஏவுகணை சுமந்து பறக்கும் ஆளில்லா விமானத்துக்கு மட்டும் இன்னும் வரவில்லை. அதனால் சட்டமே இல்லை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது தவறு. பீரங்கிக்கும் துப்பாக்கிக்கும் போர் விமானத்துக்கும் பொருந்துகிற போர்ச் சட்டம் ட்ரோனுக்கும் அப்படியே பொருந்தும். குண்டு எதிலிருந்து விழுந்தது என்று அந்தச் சட்டம் பார்ப்பதில்லை. யார் மேல் விழுந்தது, ஏன் விழுந்தது, போட்டவருக்கு அந்த நேரத்தில் என்ன தெரிந்திருந்தது என்பதைத்தான் பார்க்கிறது.

கடைசிக் கேள்விதான் முக்கியமானது. அவருக்கு என்ன தெரிந்திருந்தது? ட்ரோன் என்பது முதலில் ஒரு கண். அதன் பிறகுதான் ஆயுதம். மணிக்கணக்காக ஒரே இடத்தின் மேல் நின்று பார்க்க அதனால் முடியும். அப்படிப் பார்த்தவர்கள் பிறகு, “தெரியாமல் நடந்துவிட்டது” என்று சொல்லித் தப்ப முடியுமா? இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

2025 மே மாதம் இந்தக் கேள்வி விருதுநகர் மாவட்டத்துத் தளவாய்புரம் வரைக்கும் வந்தது. காஷ்மீரின் பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்ட பிறகு, மே 7 அதிகாலையில் பாகிஸ்தான் மீது இந்தியாவின் ‘ஆபரேஷன் சிந்தூர்’ தாக்குதல் தொடங்கியது. மே 8 இரவு 36 இடங்களை நோக்கி 300 முதல் 400 ட்ரோன்கள் பாகிஸ்தானிலிருந்து வந்ததாக ராணுவம் அறிவித்தது. அடுத்த நாள் இரவு பஞ்சாபின் பெரோஸ்பூர் பக்கத்தில் ஒரு கிராமத்து வீட்டின் மேல் ட்ரோன் விழுந்து ஒரு குடும்பமே தீக்காயம் பட்டது. அந்த வீட்டுப் பெண் சில நாளில் இறந்துபோனார். கல்யாண மண்டபத்தில் படமெடுக்கவும் வயலில் மருந்தடிக்கவும் வருகிற கருவி என்று அதுவரை ட்ரோனை அறிந்திருந்த நம் பக்கத்து மக்களுக்கு, அதே இனத்துக் கருவி ஒரு வீட்டைக் கொளுத்தும் என்பது அந்த வாரம் புரிந்தது.

போர்ச் சட்டத்தைப் புரிந்துகொள்ள ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டிக்குப் போகலாம். விசைத்தறிச் சத்தம் ஓயாத ஊர் அது. அங்கே நெய்வது சேலையோ வேட்டியோ இல்லை, பேண்டேஜ் துணி. தறியிலிருந்து இறங்குகிற அழுக்கு மஞ்சள் துணியை வெளுத்துக் காயவைத்து, அளவாக வெட்டி, மடித்துக் கட்டுகிறார்கள். புண்ணின் மேல் வைக்கிற துணி என்பதால் நூல் பிசிறு நிற்கக்கூடாது, கறை இருக்கக்கூடாது. மடிப்பு வேலை செய்கிற பெண்கள் ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்துத்தான் அடுக்குகிறார்கள். தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற கைகள் எவ்வளவு வேகமோ, அங்கே மடிக்கிற கைகளும் அவ்வளவு வேகம். அந்தத் துணி இந்தியா முழுக்க ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது, வெளிநாடுகளுக்கும் போகிறது.

இன்றைய போர்ச் சட்டம் பிறந்தது இப்படிப்பட்ட ஒரு துண்டுத் துணி கிடைக்காமல் போன இடத்தில்தான். 1859 ஜூன் 24 அன்று இத்தாலியின் சோல்ஃபெரினோ என்ற ஊரில் பெரும் சண்டை நடந்தது. காயம்பட்ட ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் கட்டுப்போட ஆளில்லாமல் வெயிலில் கிடந்து செத்தார்கள். தொழில் விஷயமாக அந்தப் பக்கம் போயிருந்த ஜெனீவாக்காரர் ஆன்ரி துனாந்த் அதைக் கண்ணால் பார்த்தார். அவருடைய முயற்சியில் செஞ்சிலுவைச் சங்கம் உருவானது. 1864-இல் முதல் ஜெனீவா ஒப்பந்தம் கையெழுத்தானது. காயம்பட்டவர் எந்தப் பக்கத்தவராக இருந்தாலும் அவரைத் தாக்கக்கூடாது. அவருக்குக் கட்டுப்போடுகிற டாக்டரை, ஆஸ்பத்திரியை, ஆம்புலன்ஸைத் தாக்கக்கூடாது என்று அது சொன்னது. 1949-இல் அது நான்கு ஒப்பந்தங்களாக விரிந்தது. உலகத்தின் எல்லா நாடுகளும் அந்த நான்கையும் ஏற்றிருக்கின்றன. இந்தியாவும் இலங்கையும் அதில் அடக்கம்.

பொதுமக்களைப் பாதுகாக்கும் விதிகளை 1977-இல் வந்த கூடுதல் நெறிமுறை விரிவாக எழுதி வைத்தது. இந்தியாவும் இலங்கையும் அதில் சேரவில்லை. ஆனாலும் அதன் அடிப்படை விதிகள் இந்த இரண்டு நாடுகளையும் கட்டுப்படுத்தும். நாடுகள் நெடுங்காலம் கடமை என்று கருதிக் கடைப்பிடித்து வந்த வழக்கமும் சர்வதேசச் சட்டம்தான். கையெழுத்துப் போடாததால் அதிலிருந்து விலகிவிட முடியாது.

அந்த விதிகளில் முதலாவது, சண்டை போடுபவரையும் சாதாரண மக்களையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது. படை முகாமைத் தாக்கலாம், பள்ளிக்கூடத்தைத் தாக்கக்கூடாது. யார் என்று சந்தேகம் இருந்தால் சாதாரண மனிதர் என்றே கொள்ள வேண்டும். அடுத்தது அளவு. ஒரு படை லாரி நெரிசலான சந்தைக்குள் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். லாரி முறையான இலக்குதான். ஆனால் அந்த ஒரு லாரியை அழிப்பதால் கிடைக்கிற ராணுவப் பலனோடு ஒப்பிடும்போது சாகப்போகிற மக்களின் எண்ணிக்கை மிதமிஞ்சியது என்றால் அடிக்கக்கூடாது. லாரி சந்தையைவிட்டு வெளியே வரும்வரை காத்திருக்க வேண்டும். மூன்றாவது விதி, தாக்கும் முன் செய்யக்கூடிய அத்தனை முன்னெச்சரிக்கையையும் செய்திருக்க வேண்டும் என்பது. இலக்கு சரிதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும், முடிந்தால் எச்சரிக்கை கொடுக்க வேண்டும், நிலைமை மாறினால் கடைசி நொடியிலும் நிறுத்த வேண்டும்.

ட்ரோன் வந்த பிறகு கனம் கூடியது இந்த மூன்றாவது விதிக்குத்தான். ‘செய்யக்கூடிய அத்தனையும்’ என்று சட்டம் சொல்வது ஆளுக்கு ஆள் மாறும். இருட்டில் மலைக்கு அந்தப் பக்கம் பீரங்கி சுடுகிற சிப்பாயால் செய்யக்கூடியது கொஞ்சம். இரவிலும் பார்க்கிற கேமரா வைத்த ட்ரோனை அதே மலையின் மேல் பல மணி நேரம் நிறுத்தி வைத்திருக்கிற தளபதியால் செய்யக்கூடியது நிறைய. கண் கூர்மையாக ஆக, கடமையும் அதோடு ஏறும். ட்ரோன் துல்லியமானது, அதனால் நல்லது என்று விற்பவர்கள் சொல்வார்கள். சட்டத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தத் துல்லியம் ஒரு பொறுப்பு. அதை வாங்குகிறவர் பொறுப்பையும் சேர்த்தே வாங்குகிறார்.

தமிழர்களுக்கு இதைப் புரியவைக்க வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. இலங்கையின் வடக்கே வன்னி இருக்கிறது. ஈழத்திலிருந்து வந்தவர்கள் விருதுநகர் மாவட்டத்திலேயே மொட்டமலை, குல்லூர்சந்தை முகாம்களில் இருக்கிறார்கள். அவர்களுடைய உறவினர்கள் பலர் 2009-இல் வன்னிக்குள் இருந்தவர்கள்.

இலங்கை விமானப்படை 1990-களிலேயே இஸ்ரேலிய ஆளில்லா வேவு விமானங்களை வாங்கிவிட்டது. இறுதிப் போர்க் காலத்தில் அவற்றுக்கென்று தனிப் படையணிகளே இருந்தன. வன்னி மக்கள் அதை ‘வண்டு’ என்றார்கள். வானத்தில் ஓயாத ஒரு ரீங்காரம். ஆள் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். கிபிர் போர் விமானம் வந்தால் குண்டு உடனே விழும். வண்டு வந்தால் குண்டு விழாது, ஆனால் கொஞ்ச நேரத்தில் செல்லடி வரலாம் என்று சனத்துக்குத் தெரியும். சமையலை அப்படியே விட்டுவிட்டுப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் ஓடுவார்கள். அந்த வண்டில் ஆயுதம் இல்லை. அது பார்த்தது, ஆட்லறி சுட்டது.

2009 ஜனவரி 20 அன்று அரசே ஒரு பகுதியைப் போர் தவிர்ப்பு வலயம் என்று அறிவித்து மக்களை அங்கே போகச் சொன்னது. சுதந்திரபுரத்தில், அந்த வலயத்துக்குள், ஐ.நா. ஊழியர்கள் ஒரு நிலையம் அமைத்தார்கள். அது இருக்கும் இடத்தின் துல்லியமான ஆயத்தொலைவுகளைப் படைத்தரப்புக்குக் கொடுத்திருந்தார்கள். ஜனவரி 23 இரவும் 24 அதிகாலையும் அந்த நிலையத்தின் மேலும் அதைச் சுற்றித் தங்கியிருந்த மக்களின் மேலும் எறிகணைகள் விழுந்தன. புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரி அடுத்தது. ஜனவரி 29 முதல் பிப்ரவரி 4 வரை தினமும் அது தாக்கப்பட்டது, குறைந்தது ஒன்பது முறை நேரடியாக அடி விழுந்தது என்று ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011 அறிக்கையில் பதிவு செய்தது. வார்டுகளில் நோயாளிகள் நிறைந்திருந்த நேரம் அது.

ஆஸ்பத்திரி போர் தவிர்ப்பு வலயத்துக்கு வெளியே இருந்தது, அங்கே ஆஸ்பத்திரி இயங்கக்கூடாது என்ற பொருளில் அன்றைய பாதுகாப்புச் செயலாளர் கோத்தபய ராஜபக்ச அந்த நாட்களிலேயே ஒரு பிரிட்டிஷ் தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்தார். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்கான பாதுகாப்பு ஓர் அரசு கோடு போட்டுக் கொடுக்கிற சலுகை கிடையாது. ஆஸ்பத்திரி எங்கே இருந்தாலும் அந்தப் பாதுகாப்பு அதோடு இருக்கும். அங்கிருந்து எதிரிக்குத் தீங்கு செய்கிற வேலை நடந்தால் மட்டுமே அது போகும். அப்போதும் எச்சரித்து, அவகாசம் கொடுத்து, அது பயனில்லாமல் போன பிறகுதான்.

எதிர்த்தரப்பில் போரிட்ட விடுதலைப் புலிகள் மீதும் அதே அறிக்கை கடுமையான குற்றங்களைச் சொல்கிறது. மக்களைக் கேடயமாக வைத்திருந்தது, வெளியேற முயன்றவர்களைச் சுட்டது, சிறுவர்களைப் பிடித்துப் படையில் சேர்த்தது, மக்கள் கூடியிருந்த இடங்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் பக்கத்தில் பீரங்கியை வைத்துச் சுட்டது. இவை போர்க்குற்றங்கள். எழுதும்போது இவற்றை ஒதுக்கி வைப்பது செத்தவர்களுக்கு நேர்மையாக இருப்பது ஆகாது. ஆனால் ஒரு தரப்பு சட்டத்தை மீறியது மறுதரப்புக்கு அனுமதி ஆகிவிடாது. மக்கள் கேடயமாகப் பிடித்து வைக்கப்பட்டிருந்தாலும் அவர்கள் மக்கள்தான்.

அந்தக் குழுவின் முடிவில் நம் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்கிற ஒரு பகுதி இருக்கிறது. தன் தாக்குதலால் மக்களுக்கு என்ன ஆகிறது என்பது அரசுக்குத் தெரிந்திருந்தது. தன் சொந்த உளவு அமைப்புகள் மூலமும், ஐ.நா.வும் செஞ்சிலுவைச் சங்கமும் கொடுத்த தகவல் மூலமும் தெரிந்தே ஷெல் அடித்தது என்கிறது அது. அதே அறிக்கை இன்னொன்றையும் சொல்கிறது: உணவும் மருந்தும், முக்கியமாக அறுவை சிகிச்சைக்கு வேண்டிய பொருட்களும், வன்னி மக்களுக்குப் போய்ச் சேராமல் தடுக்கப்பட்டன. சத்திரப்பட்டியில் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருக்கிற அந்தத் துணி, கடலுக்கு அந்தப் பக்கம் சில நூறு கிலோமீட்டர் தூரத்தில் டாக்டர்களுக்குக் கிடைக்காமல் இருந்தது. ஒரு மக்கள் கூட்டத்தை மேலிருந்து முழுசாகப் பார்க்க முடிந்தவர்கள் அவர்களுக்குக் கட்டுத்துணி போகவிடவில்லை என்பதை எழுதும்போது எனக்கு இன்றும் கை நடுங்குகிறது.

பார்த்தது என்பது வேறு, புரிந்துகொண்டது என்பது வேறு. இதற்குக் காபூல் சாட்சி. 2021 ஆகஸ்ட் 29 அன்று அமெரிக்க ட்ரோன் ஒரு வெள்ளை டொயோட்டா காரைச் சுமார் 8 மணி நேரம் தொடர்ந்தது. ஓட்டியவர் ஓர் அமெரிக்கத் தொண்டு நிறுவனத்தின் ஊழியர். காரில் அவர் ஏற்றியவை தண்ணீர் கேன்கள். ட்ரோன் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவற்றை வெடிமருந்து என்று முடிவு கட்டினார்கள். வீட்டு வாசலில் கார் நுழைந்து பிள்ளைகள் ஓடிவந்த நேரத்தில் ஏவுகணை விழுந்தது. 10 பேர் செத்தார்கள், 7 பேர் குழந்தைகள். அமெரிக்க ராணுவத்தினர் முதலில் நியாயமான தாக்குதல் என்றார்கள். செய்தியாளர்கள் அந்தக் காரின் பயணத்தை அடி அடியாகத் தேடிக் கண்டுபிடித்த பிறகு, செப்டம்பர் 17 அன்று தவறு என்று ஒப்புக்கொண்டார்கள். தாக்குவதற்கு 2 நிமிடம் முன்பே ஒரு குழந்தை படத்தில் தெரிந்தது என்று அமெரிக்க விமானப்படையின் விசாரணையே பிறகு சொன்னது. யாருக்கும் தண்டனை இல்லை.

எட்டு மணி நேரம் பார்த்தும் ஒரு தண்ணீர் கேனை அடையாளம் காண முடியவில்லை. காரணம் கேமராவின் குறை மட்டும் அல்ல. சில நாள் முன்பு காபூல் விமான நிலையத்தில் மனித வெடிகுண்டு வெடித்திருந்தது. அடுத்ததும் வரும் என்று அவர்கள் காத்திருந்தார்கள். எதிர்பார்த்துக்கொண்டு பார்ப்பவருக்கு எதிர்பார்த்ததுதான் தெரியும். சந்தேகம் இருந்தால் சாதாரண மனிதர் என்று கொள் என்ற பழைய விதி இந்த நிமிடத்துக்காகவே எழுதப்பட்டது.

உக்ரைனின் கெர்சோன் நகரில் நடப்பது இதற்கு நேர்மாறு. அங்கே ரஷ்யப் படைகள் பயன்படுத்துவது விலை குறைந்த சிறு ட்ரோன்கள். இயக்குபவர் கண்ணில் ஒரு திரையை மாட்டிக்கொண்டு, ட்ரோனின் கேமரா வழியாகத் தானே பறப்பதுபோல் பார்த்து ஓட்டுகிறார். சைக்கிளில் போகிறவரை, பஸ்ஸுக்கு நிற்கிறவரை, ஆம்புலன்ஸை அவர் குறிவைக்கிறார். எதிரில் இருப்பவரின் முகமே தெரிகிற தூரம் அது. தவறு என்று சொல்ல வழியே இல்லை. போதாததற்கு, அடித்தவர்களே அந்தக் காட்சிகளை டெலிகிராமில் போட்டுப் பெருமைப்பட்டார்கள். ஐ.நா. மனித உரிமை மன்றத்தின் விசாரணை ஆணையம் அந்த வீடியோக்களையும் சாட்சியாக எடுத்துக்கொண்டது. ரஷ்யப் படைகள் அங்கே செய்தது மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்று 2025 மே மாதம் முடிவு சொன்னது. ட்ரோனின் கேமரா, ஓட்டியவருக்கு எதிராகவே சாட்சி சொன்ன இடம் அது.

இதுவரை சொன்னது போர் நடக்கிற இடத்துக்கான சட்டம். இன்னொரு நாட்டுக்குள் ட்ரோனை அனுப்பலாமா என்பது அதற்கும் முந்திய கேள்வி. ஒரு நாட்டின் மேல் இன்னொரு நாடு படைபலத்தைப் பயன்படுத்தக்கூடாது என்று ஐ.நா. சாசனத்தின் 2(4)-ஆம் விதி தடுக்கிறது. இதற்கு விலக்கு இரண்டுதான்: ஆயுதத் தாக்குதலுக்கு ஆளான நாடு 51-ஆம் விதிப்படி தற்காத்துக்கொள்ளலாம், அல்லது பாதுகாப்பு மன்றம் அனுமதிக்க வேண்டும். அந்த நாடே சம்மதித்தால் தடையே எழாது. 2002 நவம்பரில் ஏமனில் ஒரு காரின் மேல் அமெரிக்க உளவு நிறுவனத்தின் ட்ரோன் ஏவுகணை போட்டபோது ஏமன் அரசின் சம்மதம் இருந்தது. பாகிஸ்தானின் பழங்குடிப் பகுதிகளில் அமெரிக்கா நடத்தியவை வேறு மாதிரி. 2011 மார்ச் 17 அன்று வடக்கு வஜிரிஸ்தானின் தத்தா கேல் என்ற இடத்தில், ஒரு சுரங்கத் தகராறைப் பேசித் தீர்க்க ஊர்ப் பெரியவர்கள் கூடியிருந்த கூட்டத்தின் மேலேயே ஏவுகணை விழுந்தது. நம் ஊரில் சாவடியில் பஞ்சாயத்துப் பேச நாற்பது பேர் உட்கார்ந்தால் மேலிருந்து பார்க்கிறவருக்கு அது எப்படித் தெரியும்? 2013-இல் பெஷாவர் உயர் நீதிமன்றம் இந்தத் தாக்குதல்கள் சட்டவிரோதம், போர்க்குற்றம் என்று தீர்ப்புச் சொன்னது. அமெரிக்கா அதைக் கண்டுகொள்ளவில்லை.

போரே நடக்காத இடத்தில் சட்டம் இன்னும் இறுக்கமாகும். அங்கே போர்ச் சட்டம் பொருந்தாது, மனித உரிமைச் சட்டம்தான் பொருந்தும். அதன்படி, ஒரு போலீஸ்காரர் எப்போது சுடலாமோ அப்போதுதான் ட்ரோனும் சுடலாம்: இன்னொருவர் உயிர் அந்த நொடியில் ஆபத்தில் இருந்து, தடுக்க வேறு வழியே இல்லாதபோது. பழைய குற்றத்துக்குப் பழிவாங்கவோ, பட்டியலில் பெயர் இருக்கிறது என்பதற்காகவோ கொல்லக்கூடாது. ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளராக இருந்த பிலிப் ஆல்ஸ்டன் 2010-லேயே இதைத் தெளிவாக எழுதிவிட்டார்.

இனி நம் மாநிலத்துக்கு வருவோம். ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியில் கடற்படையின் ‘ஐ.என்.எஸ். பருந்து’ தளம் இருக்கிறது. 2012-இலிருந்து அங்கே ஆளில்லா விமான அணி ஒன்று இயங்குகிறது. பாக் நீரிணையையும் மன்னார் வளைகுடாவையும் மேலிருந்து பார்ப்பது அதன் வேலை. அரக்கோணத்தின் ‘ஐ.என்.எஸ். ராஜாளி’யில் 2020 நவம்பரிலிருந்து, குத்தகைக்கு எடுத்த இரண்டு அமெரிக்க ‘சீ கார்டியன்’ விமானங்கள் பறந்தன. ஒன்று 2024 செப்டம்பரில் வங்கக் கடலில் விழுந்தது. அடுத்த மாதம், அக்டோபர் 15 அன்று, அதே வகையில் 31 விமானங்கள் வாங்க இந்தியா ஒப்பந்தம் போட்டது. சுமார் 32,000 கோடி ரூபாய். கடற்படைக்கு 15, தரைப்படைக்கு 8, விமானப்படைக்கு 8. இவை பார்ப்பதோடு நிற்பவை அல்ல, ஏவுகணையும் சுமக்கும்.

இங்கே பலர் யோசிக்காத ஒன்று உண்டு. போர் வந்தால் இப்படிப்பட்ட தளம் எதிரிக்கு முறையான இலக்கு ஆகும். ஓடுதளம், கட்டுப்பாட்டு அறை, ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து ட்ரோனை ஓட்டுகிற ராணுவ வீரர், எல்லாம் இலக்குதான். தூரத்தில் இருக்கிறார், ஏ.சி. அறையில் இருக்கிறார் என்பது அவரைப் பொதுமகன் ஆக்காது. ஆனால் தளத்தை ஒட்டியிருக்கிற மீனவர் குடியிருப்பு இலக்கு ஆகாது. ஆகவே தளத்தை மக்கள் நெரிசலிலிருந்து முடிந்தவரை விலக்கி வைப்பது நம் அரசின் கடமை. ராணுவ ட்ரோன் செய்கிற தொழிற்சாலையும் இலக்கு ஆகலாம்; அதே பேட்டையில் விவசாய ட்ரோன் செய்கிற பக்கத்துக் கம்பெனி ஆகாது. சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி என்று பாதுகாப்புத் தொழில் வழித்தடம் வளர்கிற மாநிலத்தில் இந்த வேறுபாடு வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது? 1960-ஆம் வருஷத்து ஜெனீவா ஒப்பந்தங்கள் சட்டம் இருக்கிறது. ஒப்பந்தத்தின் கொடிய மீறல்களுக்குத் தண்டனை உண்டு. ஆனால் அரசோ அரசு குறிப்பிடும் அதிகாரியோ புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் வழக்கை எடுக்கும். தனிமனிதர் உரிமை கோரிப் போகும் வழியை அந்தச் சட்டம் தரவில்லை என்று கோவா தொடர்பான மொண்டேரோ வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் இந்தியாவும் சேரவில்லை, இலங்கையும் சேரவில்லை. ஆக, ஆயுத ட்ரோன் வருகிறது. அது தவறு செய்தால் கேட்கிற கதவு உள்ளேயிருந்து மட்டும் திறக்கிறது. இது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து. அமெரிக்கா தன் ட்ரோன் தாக்குதல்களுக்கு 2013-இல் வகுத்த விதிகளை, வழக்குப் போட்டு நெருக்கிய பிறகு, 2016-இல் வெளியிட்டது. அந்த விதிகள் போதாதவை. ஆனாலும் எழுத்தில் இருந்ததால் அவற்றை வைத்துக் கேள்வி கேட்க முடிந்தது. 31 விமானங்களும் வந்து சேரும் முன் இந்தியாவும் அப்படி விதிகளை வகுத்து நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும்: யார் உத்தரவிடலாம், எவ்வளவு உறுதி வேண்டும், காட்சிப் பதிவை எத்தனை வருஷம் அழிக்காமல் வைக்க வேண்டும், பொதுமக்கள் செத்தால் யார் விசாரிப்பார்கள், குடும்பத்துக்கு என்ன கிடைக்கும்.

மனிதர் கை வைக்காமல் தானே இலக்கைத் தேர்ந்து தானே அடிக்கிற ஆயுதங்கள் அடுத்த கட்டம். ஜெனீவாவில் இதற்கான அரசு நிபுணர் குழு 2017-இல் கூடத் தொடங்கியபோது முதல் தலைவர் ஓர் இந்தியத் தூதர், அமன்தீப் சிங் கில். அதே இந்தியா, 2023 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் இந்த ஆயுதங்கள் பற்றிய முதல் தீர்மானம் வந்தபோது எதிர்த்து வாக்களித்தது. 152 நாடுகள் ஆதரித்தன, எதிர்த்தவை நான்குதான். அடுத்த ஆண்டுத் தீர்மானத்தில் இந்தியா நடுநிலை வகித்தது. ஜெனீவாவில் ஏற்கெனவே நடக்கிற பேச்சோடு இது மோதும் என்பது இந்தியாவின் வாதம். அந்த வாதத்தில் கொஞ்சம் பொருள் உண்டு. ஆனால் அந்த மேடையில் ஒரு நாடு மறுத்தாலே முடிவு நின்றுபோகிறது. காயம்பட்டுச் சரணடைய நினைக்கிற மனிதனின் கையசைவை ஓர் இயந்திரம் எப்படிப் படிக்கும் என்பதற்கு யாரும் இன்னும் திருப்தியான பதில் சொல்லவில்லை. பதில் வரும்வரை சுடுகிற முடிவு மனிதரிடம்தான் இருக்க வேண்டும்.

மறுபடி வன்னி. பொறுப்புக் கூறல் அங்கே முடிந்துவிடவில்லை. 2021 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமை மன்றம் நிறைவேற்றிய 46/1 தீர்மானத்தின்படி, சாட்சியங்களைச் சேகரித்து, ஆய்ந்து, பாதுகாத்து வைக்க ஒரு பிரிவு மனித உரிமை ஆணையர் அலுவலகத்தில் இயங்குகிறது. போர்க்குற்றத்தை எங்கே நடந்தாலும் விசாரிக்கலாம் என்று சட்டம் வைத்திருக்கிற நாடுகளின் நீதிமன்றங்களுக்கு நாளை அது உதவும். தப்பி வந்தவர்களின் வாய்மொழி அதில் சேர்கிறது. டாக்டர்கள், பாதிரியார்கள், ஐ.நா. ஊழியர்கள் சொன்னவையும் சேர்கின்றன. மேலிருந்து பார்த்தவர்களிடம் இருப்பதும் சேர வேண்டும். 2009 ஏப்ரல் 20 அன்று புதுமாத்தளன் பக்கத்தில் மண் அணையைத் தாண்டி மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறியதை வேவு விமானம் எடுத்த காட்சியாக இலங்கைப் பாதுகாப்புத் துறையே வெளியிட்டது. ஒவ்வொரு தலையும் புள்ளியாகத் தெரிந்த அந்தப் படத்தை மீட்புப் பணியின் அத்தாட்சியாக உலகத்துக்குக் காட்டியது. ஏப்ரல் 20-ஐக் காட்ட முடிந்த அரசு, ஜனவரி 23 இரவு சுதந்திரபுரத்தின் மேலும், ஜனவரி 29 முதல் பிப்ரவரி 4 வரை புதுக்குடியிருப்பின் மேலும் பறந்தவை எதைப் பதிவு செய்தன என்பதையும் அந்தப் பிரிவிடம் ஒப்படைக்க வேண்டும்.